ஆற்றின் பழைய படங்களும் அடமான நிலமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

நிலத்தை ஈடு காட்டிக் கடன் கேட்கும் அங்கத்தினரிடம் நமது சங்கங்கள் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது வழக்கம். நிலம் யாருடையது, அதன் விஸ்தீரணம் எவ்வளவு, அதில் என்ன பயிர் விளைகிறது, அதன்மேல் வேறு கடன் உண்டா என்னும் கேள்விகளுக்கெல்லாம் இவை விடை கூறும். ஆனால் ஆற்றங்கரைக் கிராமங்களில் மற்றொரு கேள்வியும் உண்டு. கடன் தீரும் வரையில் அந்த நிலம் அந்த இடத்தில் இருக்குமா என்பதே அக்கேள்வி. மேற்கூறிய பத்திரங்களில் ஒன்றேனும் இதற்கு விடை கூறாது. ஆறு ஒரு கரையை அரித்து மறு கரையில் மணலைச் சேர்ப்பதை எந்தப் பட்டாவும் தடுத்ததில்லை.

இக்கேள்விக்கு விடை தேட உதவும் சாதனம் ஒன்று உண்டு. இந்திய நில அளவைத் துறையார் வெவ்வேறு காலங்களில் வரைந்து வெளியிட்ட தல விவரப் படங்களே அவை. சர்வே வேலை தெரிந்தவர்கள் இவற்றை டோப்போ ஷீட் என்று வழங்குவர். இவை இராணுவத்தாருக்கும் இஞ்சினீயர்களுக்குமே உரியவை என்றெண்ணி நம்மவர் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றனர். எழுத்து வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் இவற்றைப் படிக்கப் பழகிக்கொள்ளலாம். காவேரியும் கொள்ளிடமும் பிரிந்து செல்லும் நாட்டை உதாரணமாகக் கொண்டு அம்முறையை இங்கு விளக்குவோம்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுவது நலம். படம் என்பது, அளந்த நாளில் ஆறு எங்கே இருந்ததோ அதை மட்டும் காட்டுவது. ஆகையால் ஒரு படம் போதாது. காலத்தால் வேறுபட்ட இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஆறு எப்பக்கம் நகர்கிறது என்பது புலப்படும்.

1. மூவகைப் படங்கள்

கிராமத்தார் அறிய வேண்டிய படங்கள் மூன்று வகைப்படும். முதலாவது, ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனியே உள்ள புல அளவுப் படம். எப்.எம்.பி. என்று தாலூகா ஆபீஸில் வழங்குவது இதுவே. வயலின் எல்லைக் கற்களும் அவற்றிடையே உள்ள தூரங்களும் இதில் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, கிராமம் முழுவதையும் காட்டும் கிராமப் படம். மூன்றாவது, பல கிராமங்களையும் ஆறுகளையும் சாலைகளையும் மேடு பள்ளங்களையும் ஒருங்கே காட்டும் தல விவரப் படம்.

இவற்றின் வேறுபாடு அளவுத் திட்டத்தில் இருக்கிறது. பழைய தல விவரப் படங்களில் ஒரு மைல் தூரம் ஓர் அங்குலமாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒரு மைலுக்கு 63,360 அங்குலமாதலால், அப்படங்களின் விகிதம் 63,360-ல் ஒன்று. மெட்ரிக் முறை வந்த பிறகு வெளியானவற்றில் விகிதம் 50,000-ல் ஒன்று. அதாவது, பழைய படத்தில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தரையில் 528 அடியாகும். புதிய படத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டராகும். இந்தக் கணக்கை மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதாகும். தாளில் கரைக்கோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், 200 மீட்டர் நீளத்துக்கு அது ஒரு ஹெக்டேர் நிலம். நமது தஞ்சாவூர்க் கணக்கில் ஏறக்குறைய ஏழரை மா.

2. இப்படங்கள் உண்டான வரலாறு

நிலத்தை அளந்து படம் வரையும் கலையைக் கற்பிக்க 1794-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதை நிறுவியவர் மைக்கேல் டாப்பிங் என்பவர். கிண்டியிலுள்ள இஞ்சினீயரிங் கல்லூரி அப்பள்ளியிலிருந்து வளர்ந்ததே.

பின்னர் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்னும் சேனை அதிகாரி சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்தின் நீளத்தையும் இரண்டு கோணங்களையும் அறிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அவ்விதம் முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்து சென்றனர். இதற்குத் தியோடலைட் என்னும் கோணமானியை உயரமான இடத்தில் நிறுத்த வேண்டும். மலையுள்ள நாட்டில் அது எளிது. காவேரிப் பாசன நாடோ சமதரை. மலைக்குப் பதிலாகக் கோயில் கோபுரங்களே அங்கு உதவின. 1808-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள அக்கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிப் பழுதுபட்டது. லாம்ப்டன் அதைத் தம் கையாலேயே பொறுமையுடன் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். இன்றும் ஆற்றங்கரை நிலத்தை அளக்க முற்படும் நமக்குக் கோயில் கோபுரமே நிலையான குறி என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது.

இவ்வளவையின்மீது 1827 முதல் இந்திய தேசப் படத்தொகுதி வெளிவந்தது. அதில் நான்கு மைல் ஓர் அங்குலமாதலால் வயல்களின் நிலையை அதிற் காண இயலாது. 1905-ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் மைலுக்கு ஓர் அங்குலமாகப் புதிதாய் அளந்து, பல வர்ணங்களில் அச்சிட வேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டது. நமக்கு மிகவும் உபயோகமானவை அத்தீர்மானத்தின்படி வெளியான தாள்களும், அவற்றுக்குப் பின் மெட்ரிக் அளவில் வெளியான தாள்களுமே.

3. தாளைப் படிக்கும் முறை

தாளைக் கையில் எடுத்தவுடன் நடுவிலுள்ள ஆற்றைப் பார்க்கலாகாது. முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். தாளின் எண், அளவுத் திட்டம், அளந்த ஆண்டு, பதிப்பித்த ஆண்டு ஆகியவை அங்கே இருக்கும். அளந்த ஆண்டும் பதிப்பித்த ஆண்டும் வெவ்வேறானவை. பதிப்பு பத்து வருஷம் பிந்தியதாயினும், படத்திலுள்ள ஆறு அளந்த ஆண்டின் ஆறுதான். ஒப்பிடும்பொழுது அளந்த ஆண்டையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாளின் எண்ணுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அட்சரேகை 8 பாகை முதல் 12 வரையிலும், தீர்க்கரேகை 76 பாகை முதல் 80 வரையிலும் உள்ள சதுரத்துக்கு 58 என்று எண். அது ஒரு பாகைக்கு ஒரு பாகையாகப் பதினாறு பகுதிகளாகி, ஏ முதல் பி வரையிலுள்ள பதினாறு ஆங்கில எழுத்துக்களைப் பெறும். ஒவ்வொரு பகுதியும் மீண்டும் பதினாறு தாள்களாகும். எண்ணிக்கை வடமேற்கு மூலையில் தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கும். நான்கு முடிந்தபின் அடுத்த வரிசையின் தலையில் மறுபடி தொடங்கும். இம்முறைப்படி முக்கொம்பும் ஸ்ரீரங்கமும் 58 ஜே/9 என்ற தாளிலும், கல்லணையும் லால்குடியும் 58 ஜே/13 என்ற தாளிலும், தஞ்சாவூர் 58 என்/1 என்ற தாளிலும், கும்பகோணம் 58 என்/5 என்ற தாளிலும் அமையும். 2005-ஆம் ஆண்டின் தேசியப் படக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று வெளியான தாள்களுக்கு வேறு எண் முறை உண்டு. பழைய தாளைக் கேட்டுப் பெறுவதற்கு மேற்கண்ட எண்ணே வேண்டும்.

அடுத்தது வர்ணம். நீலம் நீரைக் குறிக்கும். பழுப்புக் கோடுகள் சமவுயரக் கோடுகள். மஞ்சள் சாகுபடி நிலம். பச்சை மரமடர்ந்த இடம். சாலைகளும் குடியிருப்புகளும் சிவப்பு. எழுத்துக்களும் இருப்புப்பாதைகளும் கறுப்பு. ஆற்றின் மணற்பரப்பில் புள்ளிகள் இடப்பட்டிருக்கும். அதனிடையே நீலமாக ஓடுவது கோடைக்காலத்து நீரோட்டம். சமதரையான பாசன நாட்டில் சமவுயரக் கோடுகள் பல மைலுக்கு ஒன்றாகவே வருமாதலால் அவற்றால் அதிகப் பயனில்லை. அங்கே நாம் கவனிக்க வேண்டியவை கரைகளின் ஓரத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்துடன் குறிக்கப்பட்ட சிறு எண்கள். அக்கரை பக்கத்துத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அவை காட்டும். பழைய தாளில் அவ்வெண் அடியையும், மெட்ரிக் தாளில் மீட்டரையும் குறிக்கும்.

4. ஆற்றின் வயதை அறிதல்

ஓரம் கிழிந்து ஆண்டு தெரியாத படம் கிடைத்தால், ஆற்றின்மேலுள்ள கட்டடங்களைக் கொண்டு அதன் காலத்தை ஒருவாறு அறியலாம். இதற்கு முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடைப்பட்ட பகுதியைப் போன்ற நல்ல பாடம் வேறில்லை.

முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம். தெற்கே செல்வது காவேரி. இரண்டுக்கும் இடையே ஸ்ரீரங்கத் தீவு இருக்கிறது. கரிகாற் சோழன் கட்டியதாகக் கூறப்படும் கல்லணையின் அருகே இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, போக்கும் நேரானது. ஆகையால் நீர் கொள்ளிடத்தையே நாடிற்று. காவேரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்களுக்கு நீர் குறைந்துவந்தது. 1804-ஆம் ஆண்டில் காப்டன் கால்டுவெல் இதை ஆராய்ந்து, கல்லணையை உயர்த்தவும் கரைகளைப் பலப்படுத்தவும் வழி கூறினார். பின்னர் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டுவித்தார். மேலணையினால் காவேரிக்கு நீர் திரும்பிற்று. ஆனால் அது தேவைக்கு மிஞ்சியும் புகுந்தமையால், சில ஆண்டுகளுக்குள் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்த நேர்ந்தது. கீழணையிலிருந்து வடவாறு புறப்பட்டு வீராணம் ஏரிக்கு நீர் கொண்டு செல்கிறது.

இவற்றால் அறிவது யாதெனில், மேலணை இல்லாத படம் 1836-க்கு முற்பட்ட நிலையைக் காட்டுகிறது என்பதாகும். திருவானைக்கோயிலுக்கு வடக்கே கொள்ளிடத்தின்மேல் இருந்த பழைய சாலைப் பாலம் 1928-இல் கட்டப்பட்டது. கல்லணையிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குச் செல்லும் கல்லணைக் கால்வாய் 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. 58 ஜே/13 தாளில் அக்கால்வாய் காணப்படாவிடில் அத்தாள் 1934-க்கு முன்பு அளக்கப்பட்டதென்று கொள்ளலாம். இனி வரும் படங்களுக்கும் இவ்வித அடையாளம் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. அதே மாதத்தில் மேற்கூறிய 1928-ஆம் வருஷப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பின்னர் மேலணைக்குக் கீழ்ப்புறம் புதிய கதவணை கட்டப்பட்டது. 182 வருஷம் நின்ற அணையையே ஒரே இரவில் பெயர்க்கவல்ல ஆறு, கரையோரத்து வயலை என்ன செய்யுமென்று சொல்ல வேண்டுவதில்லை.

5. ஆறு நகரும் விதம்

வளைந்து செல்லும் ஆற்றில், வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாக மோதும். அங்கே கரை அடியில் அரிக்கப்பட்டுச் சரியும். உட்புறத்தில் வேகம் குறையும்; அங்கே மணலும் வண்டலும் படியும். இவ்வாறு வெளிக்கரையிலுள்ளவன் இழப்பதை உட்கரையிலுள்ளவன் பெறுவது போலத் தோன்றும். ஆயினும் புதிதாகப் படிந்த திட்டு உடனே பட்டா நிலம் ஆகிவிடாது. அதை நம்பிக் கடன் கொடுப்பதற்கும் இல்லை. மேலும் வளைவு முழுவதுமே மெல்லக் கீழ்நோக்கி நகர்வதால், இன்று உட்கரையாயிருக்கும் இடம் பின்னொரு காலத்தில் வெளிக்கரையாகவும் கூடும். அளவுக்கு மிஞ்சி மணல் எடுத்த இடங்களில் ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்து, கரை இன்னும் எளிதில் சரியும்.

மேட்டூர் அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவேறியது. அதற்கு முன், 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காவேரியில் மிகப் பெரிய வெள்ளம் வந்தது. அணை ஏற்பட்டபின் சாதாரண வெள்ளங்கள் அதில் தங்கி, ஆறு பல வருஷங்கள் ஒடுங்கிக் கிடக்கக் கண்ட மக்கள் படுகையில் இறங்கிப் பயிரிட்டனர், குடியும் ஏறினர். ஆனால் நீர்த்தேக்கம் நிறைந்துவிட்டால் பெருவெள்ளம் அப்படியே வெளிவரத்தான் செய்யும். கொள்ளிடம் என்பதற்கு வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றே பெரியோர் பொருள் கூறுவர். ஆகையால் 1934-க்கு முற்பட்ட படத்தில் காணும் ஆற்றின் அகலத்தை மறக்கலாகாது. அதுவே ஆறு தனக்கென்று வைத்துக்கொண்ட இடம்.

படத்திலுள்ள ஊர்ப் பெயர்களும் இதைச் சொல்லும். துறை என்று முடிவது ஆற்றிறங்கும் இடம். திட்டு என்பது நீர் சூழ்ந்த மேடு. படுகை என்பது ஆற்றுக்கும் வெள்ளக் கரைக்கும் இடைப்பட்ட தாழ்நிலம். சீர்காழிப் பக்கத்தில் கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் என்னும் ஊர்கள் உள்ளன. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபொழுது இவ்வூர்களை நீர் சூழ்ந்தது. பெயரிட்ட முன்னோர் அவ்விடங்களின் இயல்பை அறிந்தே பெயரிட்டனர்.

6. இரண்டு படங்களை ஒப்பிடுதல்

பழைய தாள் ஒன்றும் புதிய தாள் ஒன்றும் எடுத்துக்கொள்க. இரண்டுக்கும் இடையே முப்பது அல்லது ஐம்பது வருஷ இடைவெளி இருத்தல் நலம். இரண்டிலும் மாறாமல் இருக்கும் குறிகளைத் தேடுக. கோயில் கோபுரம், பழைய பாலம், அணை ஆகியவை ஏற்றவை. குடிசைகள், மரங்கள், நடைபாதைகள் ஏற்றவையல்ல. ஒரு குறியிலிருந்து ஆற்றங்கரைக்கு நேரே எவ்வளவு தூரம் என்று இரண்டு தாள்களிலும் அளந்து, முன்பு கூறிய கணக்கின்படி தரைத் தூரமாக மாற்றுக. பழைய தாளில் எந்தக் கோட்டைக் கரையென்று கொண்டீர்களோ, புதிய தாளிலும் அதே கோட்டைக் கொள்ள வேண்டும். நீலநிற நீரோட்டத்திலிருந்து அளக்கலாகாது. சர்வே வேலை பெரும்பாலும் வறண்ட காலத்திலேயே நடைபெறுவதால், அந்நீரோட்டம் வருஷந்தோறும் மணலில் இடம் மாறுவது.

கைபேசியில் தோன்றும் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பழைய தாளில் அப்படியே குறிக்கலாகாது. பழைய படங்களுக்கு ஆதாரமாகக் கொண்ட பூமியின் உருவக் கணக்கு வேறு. இக்காலத்துக் கணக்கு வேறு. அதனால் இடம் சில நூறு அடி விலகிக் காணும். குறியிலிருந்து அளக்கும் முறையில் இத்தொல்லை இல்லை.

7. ஓர் உதாரணக் கணக்கு

கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்கத்தினர் 3 ஏக்கர் நிலத்தை ஈடு காட்டிப் பதினைந்து வருஷத் தவணையில் கடன் கேட்கிறார். நிலம் ஆற்றோரமாக 60 மீட்டர் அகலமும், உள்நோக்கி 200 மீட்டர் நீளமும் உள்ளது. அதன் ஆற்றுப்புற எல்லை இன்றைய கரையிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

பழைய தாளில் கோயிலிலிருந்து கரை அங்குலத்தில் பத்தில் ஆறு பங்கு தூரம். அது 3,168 அடி. ஏறக்குறைய 966 மீட்டர். ஐம்பது வருஷம் பிந்திய புதிய தாளில் அதே தூரம் 17 மில்லிமீட்டர். அதாவது 850 மீட்டர். கரை 116 மீட்டர் ஊர்ப்பக்கம் வந்திருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 2 மீட்டர் 32 சென்டிமீட்டர்.

இத்துடன் நின்றுவிடலாகாது. அளப்பதில் தவறு எவ்வளவு நேரக்கூடும் என்றும் பார்க்க வேண்டும். பழைய தாளில் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினால் 32 மீட்டர். புதிய தாளில் அரை மில்லிமீட்டர் பிசகினால் 25 மீட்டர். இரண்டும் சேர்ந்து 57 மீட்டர். எனவே கரை நகர்ந்தது குறைந்தபட்சம் 59 மீட்டர். அதிகபட்சம் 173 மீட்டர். நகர்ந்தது உண்மை என்பதில் ஐயமில்லை. அதிகபட்சத்தைக் கொண்டால், பதினைந்து வருஷத்தில் கரை 52 மீட்டர் வரும். இடையிலுள்ள 20 மீட்டரைக் கழித்தால், நிலத்தில் 32 மீட்டர் போகும். 60 மீட்டர் அகலத்துக்கு இது 1,920 சதுர மீட்டர். ஏறக்குறைய 47 சென்ட்.

சராசரி என்பது கணக்குக்கு மட்டுமே. ஆறு வருஷந்தோறும் தவணை கட்டி நிலத்தை எடுப்பதில்லை. பத்து வருஷம் சும்மா இருந்து, ஒரே வெள்ளத்தில் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். ஆகையால் 47 சென்ட் என்று கண்டதை இரட்டித்து, ஏறக்குறைய 1 ஏக்கரை நீக்கி, 2 ஏக்கருக்கு மட்டும் மதிப்பிட்டுக் கடன் கொடுப்பது விவேகம். அதற்கு மேல் தேவையானால் வேறு ஈடோ நல்ல ஜாமீனோ கேட்கலாம். ஒரு பருவத்துக்குள் தீரும் பயிர்க்கடனுக்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்த வேண்டும். ஆற்றோர நிலம் என்ற ஒரே காரணத்தால் கடனை மறுத்துவிடுவது கூட்டுறவு தர்மமாகாது. மறுக்கப்பட்டவர் வட்டிக்கடைக்கே போவார். ஆராயாமல் முழு மதிப்புக்கும் கடன் கொடுப்பதும் அவருக்குச் செய்யும் உதவியன்று. நிலம் ஆற்றோடு போனாலும் கடன் போவதில்லை. நிலமும் இன்றிக் கடனும் நிற்பதைவிடக் கொடிய நிலை குடியானவனுக்கு வேறு இல்லை. அங்கத்தினர்கள் சேமித்த பணமே சங்கத்தின் பணமாதலால், ஒருவர் கடன் வராமற்போனால் எல்லோரும் அந்நஷ்டத்தைத் தாங்க வேண்டியவராவர். படத்தைப் பார்த்து அளவாகக் கொடுத்த கடன் கடனாளியையும் காக்கும், சங்கத்தையும் காக்கும்.

8. வேறு உபயோகங்கள்

சங்கக் கிடங்கு கட்டவும் பழைய படம் உதவும். இன்று மேடாகத் தோன்றும் இடம் பழைய தாளில் ஆற்றுப் படுகையாகவோ வடிகாலாகவோ இருந்ததானால், அங்கே நெல் மூட்டைகளை அடுக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். தூர்ந்துபோன வாய்க்காலைத் தோண்ட விண்ணப்பம் எழுதும்பொழுது, அது எங்கே தலைமதகு கொண்டு எந்த ஏரியில் விழுந்தது என்பதைப் பழைய தாள் காட்டும். "முன்னே இங்கே வாய்க்கால் இருந்ததாம்" என்று எழுதுவதைவிட, இன்ன தாளில், இன்ன ஆண்டு அளவையில் காண்கிறது என்று எழுதுவது நூறு பங்கு பலமுள்ளது. குடிமராமத்து வேலைக்கு ஊரார் கூடும்பொழுதும் எவ்விடத்தில் மண்வெட்டியை வைப்பது என்ற சச்சரவு குறையும். ஆறு விட்டு விலகிய பழைய படுகை மணல் நிறைந்ததாதலால், அங்கே கிணறு தோண்டினால் நல்ல ஊற்றுக் கிடைப்பதும் உண்டு.

9. எச்சரிக்கைகள்

தல விவரப் படம் வயலின் எல்லைக்குச் சான்றாகாது. எல்லைத் தகராறுக்கு 1923-ஆம் வருஷத்துச் சர்வே, எல்லைகள் சட்டத்தின்படி ஏற்பட்ட புல அளவுப் படமும் அதன் கற்களுமே ஆதாரம். அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற படத்தைக் காட்டி அண்டை வீட்டாரின் வரப்பை நகர்த்த முற்படுவோர் தாமும் கெட்டுப் பிறரையும் கெடுப்பர். மேலும், படம் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. நிலத்தை நேரில் சென்று பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் எந்த வெள்ளத்தில் எதுவரை நீர் ஏறிற்று என்று விசாரித்து, படத்தோடு ஒப்பிட வேண்டும். 1980 வரை பரம்பரைக் கர்ணம் வாயில் இருந்த செய்திகள் பல இப்பொழுது முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை எழுதி வைப்பதும் சங்கத்தின் கடமையே.

10. சங்கக் கூட்டத்தில் செய்யத்தக்க பயிற்சி

கிராமப் படத்தையும் புல அளவுப் படங்களையும் தாலூகா ஆபீஸ் மூலம் பெறலாம். புல அளவுப் படம் அரசாங்கத்தின் இணையத் தளத்திலும் கிடைக்கும். தல விவரப் படங்களை இந்திய நில அளவைத் துறையிடம் வாங்கலாம். மிகப் பழையவற்றைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் தேடலாம். இரண்டு தாள்களுக்காகும் செலவு ஒரு கடன் வராமற்போவதைப் பார்க்கிலும் மிகச் சிறிது. படங்கள் வந்தபின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் பின்வரும் வினாக்களுக்குச் சேர்ந்து விடை காண்க.

நமது கிராமம் எந்த எண்ணுள்ள தாளில் இருக்கிறது? அத்தாள் அளக்கப்பட்ட ஆண்டு எது?

நமது ஆற்றின் எந்த வளைவில் வெளிக்கரை நம் ஊர்ப் பக்கம் இருக்கிறது? அங்கே எத்தனை அங்கத்தினர்களின் நிலம் ஈடாக உள்ளது?

கோயிலிலிருந்து கரைக்கு அன்று எவ்வளவு தூரம்? இன்று எவ்வளவு?

பழைய தாளில் இருந்து புதிய தாளில் மறைந்த வாய்க்கால், குளம், வடிகால் எவை?

விடைகளைச் சங்க நடவடிக்கைப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி, கரையின் தூரத்தை வருஷம் ஒரு முறை, வெள்ளம் வடிந்த பின் தையில், நாடா பிடித்து அளந்து அதன் கீழே சேர்த்துவருக. ஐந்து வருஷத்தில் அந்தப் பக்கம் எந்தத் தாளையும்விடத் திருத்தமான படமாகிவிடும். அதன்பின் கடன் மனுவை எடுக்கும்பொழுது காரியதரிசி பட்டாவோடு அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கட்டும்.